சாஹேல் சிறு விவசாயிகள் மீட்டெடுத்த நிலம்

ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளின் பெயரில் பல பத்தாண்டுகளாக வெளிநாட்டு உதவி போய்க்கொண்டிருந்தும் அங்கிருந்து வருவதெல்லாம் பஞ்சச் செய்தியாகவே இருக்கிறதே, மண்ணைக் கெடுக்காமலும் கடனில் மூழ்காமலும் ஒரு குடும்பம் தன் நிலத்தை நம்பிப் பிழைக்கும்படியான விவசாயம் அந்தக் கண்டத்தில் எங்காவது உண்மையிலேயே நடந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்திருக்கிறது. கண்டத்திலேயே மிக வறண்ட, மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்றில், பெரும்பாலும் விவசாயிகளின் சொந்த உழைப்பாலேயே நடந்திருக்கிறது. 54 நாடுகள் அடங்கிய ஒரு கண்டத்தைப் பற்றி ஒரே பதில் சொல்வது பொருந்தாது என்பதால், நான் ஓரளவு நன்றாக அறிந்த நைஜர் நாட்டின் தென்பகுதியையும் அதற்கு மேற்கே உள்ள புர்க்கினா ஃபாசோவின் வடபகுதியையும் மட்டும் எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் வறண்ட நிலப்பட்டைக்குச் சாஹேல் என்று பெயர். கரை என்று பொருள்படும் அரபுச் சொல் அது. பாலைவனத்தைக் கடலாகக் கண்டவர்கள் இட்ட பெயர். நைஜர் நாட்டின் பெரும்பகுதி பாலைவனம்தான். தெற்கு எல்லையை ஒட்டிய பட்டையில் மட்டும், ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆண்டுக்கு 300 முதல் 600 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கிடைக்கிறது. அந்த மழையை நம்பி அங்கே விதைப்பது கம்பு, சோளம், தட்டைப்பயறு, நிலக்கடலை. இவற்றில் முதல் மூன்றும் ஆப்பிரிக்க மண்ணிலேயே பயிராகப் பண்படுத்தப்பட்டு, பின்னர் கடல் கடந்து நம் மானாவாரிக் காடுகளுக்கு வந்தவை. நாம் கம்மங்கூழ் குடிப்பதற்கு, சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மாலி நாட்டுப் பக்கத்தில் காட்டுக் கம்பைப் பயிராக்கிய மக்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். தென் நைஜரில் ஹவுஸா மொழி பேசும் குடும்பங்கள் கம்பு மாவைக் களிபோலக் கிண்டித் துவோ என்று உண்கின்றன. அதற்குத் தொட்டுக்கொள்வது பெரும்பாலும் பெருக்க மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்து வைத்த குழம்பு. மன்னார் பக்கத்தில் நிற்கும் பருத்த பெருக்க மரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மரம் எது என்று தெரியும்.

இந்த நிலம் எப்படிக் கெட்டது என்பதைச் சொல்லாமல் எப்படி மீண்டது என்பதைச் சொல்ல முடியாது. மழைக் குறைவு ஒரு காரணம்: 1968 முதல் 1973 வரை நீடித்த வறட்சியும், 1984ஆம் ஆண்டின் வறட்சியும் மனிதரையும் மாட்டையும் மரத்தையும் ஒருசேர வாட்டின. மக்கள்தொகைப் பெருக்கம் இன்னொரு காரணம். 1960இல் விடுதலை அடைந்தபோது சுமார் 34 லட்சமாக இருந்த நைஜரின் மக்கள்தொகை இன்று 2.5 கோடியைத் தாண்டிவிட்டது. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே, அதிகம் பேசப்படாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. பிரெஞ்சுக் காலனி ஆட்சி 1935ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரு வனச் சட்டத்தைப் பிறப்பித்தது. காட்டைக் காக்கும் நோக்கத்தோடு வந்த அந்தச் சட்டம், விவசாயியின் வயலில் தானாக முளைத்து நிற்கும் மரத்தின் மீதான அதிகாரத்தையும் அரசின் கையிலேயே கொடுத்தது. தன் நிலத்து மரத்தில் ஒரு கிளையைக் கழிப்பதற்குக்கூட அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் வனக் காவலர் அபராதம் விதிப்பார். விடுதலைக்குப் பிறகும் இந்த நிலை பெரிதாக மாறவில்லை.

இப்படியொரு சட்டத்தின் கீழ் வாழும் விவசாயி என்ன செய்வார் என்பதை யோசித்துப் பாருங்கள். வயலில் ஒரு செடி மரமாக வளர்ந்தால் அது அவருடையது அல்ல; அதன் நிழல் அவருடைய பயிர்மீது விழும், அதன் விறகோ வேறொருவருக்குப் போகும், அதைத் தொட்டால் தண்டம். ஆகவே அது செடியாக இருக்கும்போதே களைக்கொட்டால் வெட்டி எறிந்துவிடுவதே அவருக்குப் பாதுகாப்பானது. ஏர் தடையின்றி ஓட வேண்டுமானால் வயல் துப்புரவாக இருக்க வேண்டும் என்று வேளாண் அலுவலர்களும் அதையே சொன்னார்கள். நிலக்கடலை ஏற்றுமதிக்காகப் பயிர்ப்பரப்பு விரிந்த காலம் அது. மரத்தைக் காக்க வந்த சட்டமே மரம் அழியக் காரணமானது. 1970களின் இறுதியில் தென் நைஜரின் மராடி, ஜிண்டர் வட்டாரங்களின் வயல்கள் வெறும் மணற்பரப்பாகிவிட்டன. மழைக்காலத் தொடக்கத்தில் மணிக்கணக்கில் அடிக்கும் புழுதிக் காற்று, முளைத்து இரண்டு மூன்று இலை விட்ட கம்புப் பயிரை மணலால் மூடிவிடும், அல்லது சூட்டு மணலை வீசிக் கருக்கிவிடும். ஒரே பருவத்தில் மூன்று முறை, நான்கு முறை விதைத்த குடும்பங்கள் இருந்தன. விதைக்கென்று வைத்திருந்த தானியம் தீர்ந்த பிறகு மறுபடி விதைப்பது என்றால் உண்ண வைத்திருந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அரசுகளும் உதவி நிறுவனங்களும் இதற்கு மருந்தாக மரக்கன்று நடும் திட்டங்களைக் கொண்டுவந்தன. நாற்றங்கால் அமைத்து, கன்று வளர்த்து, வண்டியில் ஏற்றி வந்து நட்டார்கள். நட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை செத்துப் போயின. 1980களின் தொடக்கத்தில் மராடியில் அத்தகைய திட்டமொன்றை நடத்திவந்தவர் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர். 1983ஆம் ஆண்டு, கன்றுகளை ஏற்றிக்கொண்டு மணற்பாதையில் போகும்போது சக்கரத்தின் காற்றைக் குறைப்பதற்காக வண்டியை நிறுத்தியவர், பாதையோரம் இருந்த ஒரு புதரின் இலையை உற்றுப் பார்த்தார். புதர் என்று அதுவரை அவர் எண்ணியிருந்தது உண்மையில் வெட்டப்பட்ட மரமொன்றின் கட்டையிலிருந்து துளிர்த்த கொத்து. அதுபோன்ற கட்டைகள் அந்தச் சமவெளி முழுவதும் கோடிக்கணக்கில் மண்ணுக்குள் உயிரோடு கிடந்தன. ஒவ்வோர் ஆண்டும் அவை துளிர்க்கும். ஒவ்வோர் ஆண்டும் விதைப்புக்கு முன் விவசாயி அவற்றை வெட்டி எரிப்பார். வேர் ஆழத்தில் இறங்கி நீரைத் தொட்டு நிற்பதால், வெளியிலிருந்து கொண்டுவந்த கன்று காய்ந்துபோகும் அதே கோடையில் இந்தத் துளிர் காய்வதில்லை.

வேலை மிக எளியது. தழைத்த கொத்தில் 10, 20 துளிர்கள் இருக்கும். அவற்றுள் நேராகவும் தடிப்பாகவும் இருக்கும் மூன்று முதல் ஐந்து வரை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைக் கூர்மையான கத்தியால் அடியோடு நீக்க வேண்டும். நிறுத்தியவற்றிலும் கீழ்ப்பாதியில் உள்ள பக்கக் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். மழுங்கிய கத்தியால் கொத்தினால் பட்டை உரிந்து புண் ஆறாது. கழித்த குச்சியும் தழையும் மண்ணின் மேலேயே மூடாக்காகக் கிடக்கலாம், அல்லது அன்றைய அடுப்புக்குப் போகலாம். ஓர் ஆண்டு கழித்து, நிறுத்திய தண்டுகளில் ஒன்றை விறகுக்கு எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாகப் புதிய துளிர் ஒன்றை வளர விடலாம். வேர் ஏற்கெனவே முழு மரத்தின் வேராக இருப்பதால் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். நாற்றங்கால் வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலி வேண்டாம். விவசாயியிடம் ஏற்கெனவே இருக்கும் கத்தியும் கோடரியும் போதும். காங்கயம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் தானாக முளைத்த வெள்வேலங்கன்றை வெட்டாமல் விட்டு வளர்த்த குடியானவர்களுக்கு இந்த அறிவு புதிதாக இராது. சாஹேல் விவசாயிகளுக்கும் இது புதிதல்ல. அவர்களுடைய பாட்டன்மார் செய்ததுதான். இடையில் அறுபட்டிருந்தது, அவ்வளவே.

அறுபட்டது எப்படி மீண்டும் ஒட்டியது என்பதே இந்தக் கதையின் முக்கியமான இடம் என்று நான் கருதுகிறேன். முதலில் செய்து பார்த்த சில விவசாயிகளை ஊரார் ஏளனம் செய்தார்கள். வளர்த்த மரத்தை இரவில் வந்து வெட்டிக்கொண்டு போனார்கள். 1984 பஞ்சத்தில், நிவாரண தானியம் பெறுவோர் தம் வயலில் இப்படி மரம் வளர்க்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கப்பட்டது. மரங்கள் வளர்ந்தன. திட்டம் முடிந்ததும் அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெட்டப்பட்டுவிட்டன. தானியத்துக்காக வளர்த்தது தானியம் நின்றதும் போய்விட்டது. ஆனால் மீதியை வைத்துக்கொண்டவர்கள் மறு ஆண்டு வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தார்கள். அதே வேளையில் மராடி வட்டார வனத்துறை அதிகாரிகள், வயலில் விவசாயி வளர்த்த மரத்துக்கு அவரையே உரிமையாளராக நடத்தவும், கழித்ததற்காக அபராதம் போடாமல் விடவும் வாய்மொழியாக இசைந்தார்கள். எழுத்தில் சட்டம் மாறாமலேயே நடைமுறை மாறியது. 1980களின் பிற்பகுதியில் அரசின் கட்டுப்பாடு தளர்ந்தபோது, கேட்க ஆளில்லை என்ற நிலையில் வெட்டித் தீர்ப்பதற்கு மாறாக, இது இனி நம்முடையது என்ற எண்ணத்தோடு பல ஊர்கள் காக்கத் தொடங்கின. களவு வெட்டுக்கு ஊர்ப் பெரியவர்கள் தண்டனை வைத்தார்கள்.

பிறகு அது எந்தத் திட்டமும் இல்லாமல் வயலிலிருந்து வயலுக்குப் பரவியது. குறிப்பாக ஜிண்டர் வட்டாரத்தில் பெரும்பகுதி எந்த நிறுவனத்தின் கையும் படாமல் விவசாயிகளே செய்தது. ஆகவே இதை ஒரு தனிமனிதரின் சாதனையாக எழுதுவது அந்த விவசாயிகளுக்கு இழைக்கும் அநீதி; ரினாடோவும் பெருமையை அவர்களுக்கே அளிக்கிறார். கிரிஸ் ரெய் என்ற நெதர்லாந்து ஆய்வாளரும் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் கிரே டாப்பனும் பழைய வான்படங்களைப் புதிய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் இதன் பரப்பு வெளியுலகுக்குத் தெரிந்தது. சுமார் 50 லட்சம் ஹெக்டேர், அதில் சுமார் 20 கோடி மரங்கள், ஆண்டுக்கு 5 லட்சம் டன் கூடுதல் தானியம் என்று அவர்கள் கணித்தார்கள். 1980களுக்குப் பின் மழை சற்றுத் திரும்பியதால்தான் பச்சை கூடியது என்று சொல்வோரும் உண்டு. மழைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் எல்லைக்கு அப்பால், அதே மண்ணும் ஏறக்குறைய அதே மழையும் உள்ள வட நைஜீரிய வயல்களில் இந்த அளவுக்கு மரம் கூடவில்லை என்பதையும் அவர்கள் படத்தில் காட்டினார்கள்.

இந்த வயல்களில் மிகுதியாக நிற்கும் மரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஹவுஸா மக்கள் காவ் என்று அழைக்கும் அந்த மரம், ஃபெய்தெர்பியா ஆல்பிடா என்ற தாவரப் பெயர் கொண்டது. நம் வேல மரத்தின் உறவு, முள் உள்ளது. மற்ற மரங்களெல்லாம் மழையில் தழைத்துக் கோடையில் உதிர்க்க, காவ் மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுக் கோடையில் தழைத்து நிற்கிறது. ஆகவே கம்பு வளரும் மாதங்களில் அதன் நிழல் பயிருக்கு இடைஞ்சலாவதில்லை. மண்ணில் விழுந்த இலை அப்போதுதான் உரமாகிறது. அதன் வேர் காற்றிலுள்ள நைட்ரஜனையும் மண்ணில் நிலைப்படுத்துகிறது. புல் ஒன்றும் இல்லாத கடுங்கோடையில் அதன் தழையும் நெற்றும் ஆடுமாடுகளுக்குத் தீனி. நெற்றைத் தின்ற மாட்டின் சாணத்தோடு விதையும் வயலில் விழுந்து முளைக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜிண்டரை ஆண்ட சுல்தான் ஒருவர், காவ் மரத்தை வெட்டுகிறவன் தலை போகும் என்று ஆணையிட்டிருந்ததாக அந்தப் பக்கத்தில் வழங்குகிறது. அந்த மரத்தின் அருமை அரண்மனைக்கும் தெரிந்திருந்தது.

மரம் திரும்பியதால் குடும்பத்தின் பிழைப்பில் என்ன மாறியது என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம். முதலாவதாக, மணற்காற்று தணிந்ததால் ஒரே விதைப்பு போதுமானதாயிற்று. இரண்டாவது விறகு. முன்பு நாளுக்கு இரண்டரை மணி நேரம் விறகுக்கு நடந்த பெண்களுக்கு அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது என்று ஜிண்டர் வட்டாரத்தில் ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள்; விறகு இல்லாத காலத்தில் அடுப்புக்குப் போன சாணமும் கம்பந்தட்டையும் இப்போது வயலுக்கே திரும்புகின்றன, அதனால் மண்ணும் தேறுகிறது. மூன்றாவதாக, மரம் ஒரு சேமிப்பு. 2004இல் மழை பொய்த்து வெட்டுக்கிளியும் படையெடுத்து, 2005இல் நைஜர் முழுவதும் உணவுத் தட்டுப்பாடு கடுமையானபோது, அகியே வட்டாரத்தின் தான் சாகா போன்ற ஊர்களில் விவசாயிகள் கிளைகளை விறகாக விற்றுத் தானியம் வாங்கினார்கள். விதை தானியத்தையும் ஆட்டையும் விற்க வேண்டிய நிலை பலருக்கு வராமல் போயிற்று. விளைச்சல் பெருகியதைக் காட்டிலும், விளையாத ஆண்டைத் தாங்கும் வலிமை பெருகியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஏழைக் குடும்பம் ஒரு பஞ்சத்தில் விற்றுத் தொலைக்கும் மாட்டை மீட்டெடுக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

இனி புர்க்கினா ஃபாசோவின் வடக்கே உள்ள யாடெங்கா வட்டாரத்துக்கு வருவோம். அங்கே துளிர்ப்பதற்குக் கட்டைகூட இல்லாத நிலம் நிறைய இருந்தது. மேல்மண் அடித்துக்கொண்டு போய், பொருக்குத் தட்டி, சிமெண்ட் தரைபோல் இறுகிய வெளுத்த கட்டாந்தரை. மழை பெய்தால் ஒரு சொட்டும் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். அந்த நிலத்துக்கு அங்குள்ள மோசி மக்களின் பழைய வழி ஸாய் எனப்படும் குழி. கோடையில், மழைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, கைப்பிடி குட்டையான களைக்கொட்டால் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய அகலமும் அரைச் சாண் முதல் ஒரு சாண் வரை ஆழமும் கொண்ட குழிகளை வரிசையாகத் தோண்டுவார்கள். தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறைபோலக் குவிப்பார்கள், ஓடிவரும் நீர் அதில் தட்டிக் குழிக்குள் நிற்கும்படி. குழியில் இரண்டு கையளவு மக்கிய எருவைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். எருவின் மணத்துக்குக் கறையான் வரும். அது இறுகிய மண்ணுக்குள் நூற்றுக்கணக்கான நுண்வழிகளைத் துளைத்துவிட்டுப் போகும். முதல் மழை அந்த வழிகளில் இறங்கி நிற்கும். நாம் வீட்டு நிலைக்கதவில் கண்டு பதறும் அதே கறையானை, அங்கே விவசாயி கூலியில்லா ஆளாக வரவழைக்கிறார். விதை அந்தக் குழியில்தான் விழும். அடுத்த மழைக்கு இருபது நாள் இடைவெளி விழுந்தாலும் குழிக்குள் இருக்கும் ஈரம் பயிரைப் பிடித்து வைத்திருக்கும்.

1980 வாக்கில், கூர்கா என்ற சிற்றூரைச் சேர்ந்த யாகூபா சவாடோகோ இந்தக் குழியை வழக்கத்தைவிட அகலமாகவும் ஆழமாகவும் தோண்டி, எருவைக் கோடையிலேயே இட்டுப் பார்த்தார். கோடையில் குழி தோண்டுகிறானே என்று ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள்; அவர் வளர்த்த மரங்களுக்குத் தீயும் வைத்தார்கள். எருவோடு வந்த மர விதைகள் குழியில் முளைத்தபோது அவற்றையும் களையாமல் விட்டார், பிறகு தாமே விதை சேர்த்துப் போட்டார். விளைச்சலே இல்லாதிருந்த தரையில் கம்பும் சோளமும் விளைந்தன. அதைச் சுற்றி 20 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு எழுந்தது. ஆண்டுக்கு இருமுறை சுற்றுவட்டார விவசாயிகளைத் தம் வயலுக்கு வரவழைத்து, அவரவர் விதையையும் அனுபவத்தையும் பகிரச் செய்தார். 2018ஆம் ஆண்டு, மாற்று நோபல் என்று வழங்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதை அவரும் ரினாடோவும் ஒரே ஆண்டில் பெற்றார்கள். 2023 டிசம்பரில் சவாடோகோ காலமானார்.

அதே வட்டாரத்தில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பின் திட்டமொன்று விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கிய கல்வரிசை முறையையும் இங்கே சொல்ல வேண்டும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயர மட்டத்தில் கற்களை வரிசையாக அடுக்கினால் ஓடும் நீர் வேகம் தணிந்து மண்ணையும் தழையையும் அங்கேயே விட்டுப் போகும். ஆனால் அந்தச் சமவெளியில் சரிவு கண்ணுக்குத் தெரியாது. மட்டம் சற்றே பிசகினாலும் நீர் ஓரிடத்தில் கூடி வரிசையை உடைத்துவிடும். அதற்கு அவர்கள் கண்ட வழி, நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் இரு முனைகளையும் இரண்டு கம்புகளில் கட்டி, இரு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாகும் இடத்தைக் குறிப்பது. நம் ஊர்க் கொத்தனார் சுவரெழுப்பும்போது டியூப் லெவல் பார்க்கும் அதே முறைதான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் கற்றுக்கொள்ள முடிந்தது, விலையோ அற்பம். பெரிய அணைத் திட்டங்களைவிட இந்தக் குழாய் அதிக ஏக்கரைக் காத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இவை யாவும் இலவசமாக வந்துவிடவில்லை. ஒரு ஹெக்டேருக்கு 10,000க்கும் மேல் குழி வேண்டும். தோண்ட மட்டும் 300 மணி நேரத்துக்குக் குறையாது, அதுவும் 40 டிகிரி வெயிலில். எருவுக்கு மாடு வேண்டும். கல் ஏற்ற வண்டி வேண்டும். ஆகவே ஆள்பலமும் மாடும் உள்ள குடும்பமே முதலில் பயனடைந்தது. அதன் மறுபக்கமாக, குழி தோண்டும் வேலை கோடையில் கூலியாகக் கிடைக்கத் தொடங்கியது. இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று தோண்டிக் கொடுத்தார்கள், சிலராவது கடற்கரை நாடுகளுக்குப் பிழைக்கப் போவது அதனால் குறைந்தது. 1989இல் நைஜரின் இல்லேலா பகுதியிலிருந்து சில விவசாயிகள் யாடெங்காவுக்கு வந்து நேரில் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தங்கள் ஊரில் தாஸா என்ற பெயரில் வழக்கிழந்து கிடந்த குழி இதுதான் என்று கண்டுகொண்டு புதுப்பித்தார்கள். அடுத்த ஆண்டு வறட்சியில் குழி போட்ட வயல்களே தலை தூக்கின. பிறகு, யாரும் சீந்தாத கட்டாந்தரைக்கு அங்கே விலை வந்துவிட்டது. விலை வந்ததும் அதை விற்றவர் யார், வாங்கியவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும்; விற்றவர் பெரும்பாலும் கையில் காசில்லாதவர்.

அறுவடைக்குப் பிந்தைய சிக்கல் ஒன்றை இங்கே சற்று நின்று சொல்கிறேன், ஏனெனில் மண்ணைச் சீராக்கினால் மட்டும் வறுமை தீர்ந்துவிடாது. அக்டோபரில் கம்பு களத்துக்கு வந்ததும், கல்யாணச் செலவுக்கும் வாங்கிய கடனுக்கும் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, அடுத்த ஜூன், ஜூலையில் அதே கம்பை இரட்டை விலை கொடுத்து வாங்கும் அவலம் அங்கே பரவலானது. இதற்கு மாற்றாக, 1990களின் இறுதியிலிருந்து ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் திட்டமொன்று நைஜரில் வாரண்டாஜ் என்ற முறையைப் பரப்பியது. விவசாயிகள் தானிய மூட்டைகளை ஊர்க் கிடங்கில் அடுக்குவார்கள். கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி விவசாயிகள் சங்கத்திடம், இன்னொன்று கடன் கொடுக்கும் நிறுவனத்திடம். இருவரும் சேர்ந்து வராமல் கதவு திறவாது. மூட்டையின் பேரில் கடன் வாங்கி, கோடையில் செம்மறி கொழுக்க வைப்பது, கடலை எண்ணெய் ஆட்டுவது, தோட்டக் காய்கறி போடுவது என்று ஏதாவது செய்து, விலை ஏறும் மாதத்தில் கடனை அடைத்துத் தானியத்தை எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கடனில் ஒரு பங்கு உரத்துக்கும் போகிறது. ஆனால் வயல் முழுவதும் இறைப்பதற்கு அல்ல. ஐதராபாத் அருகே தலைமையகம் கொண்ட இக்ரிசாட் நிறுவனத்தின் நைஜர் மையம் பரிந்துரைத்த அளவு, ஒரு குத்துக்கு ஒரு பாட்டில் மூடி உரம், விதையோடு சேர்த்து. உரமே கூடாது என்பவர்களோடு எனக்கு இந்த இடத்தில் உடன்பாடில்லை. பாஸ்பரஸ் சத்து அடியோடு வறண்ட மணலில் அந்த ஒரு மூடி உரம் தட்டையும் தழையும் கூடுதலாக விளைவித்து, எருவாகத் திரும்ப உதவுகிறது.

கால்நடை மேய்க்கும் ஃபுலானி மக்களை விட்டுவிட்டு இந்த விவசாயத்தைப் பேச முடியாது. அறுவடை முடிந்த வயலில் அவர்கள் மந்தையை இரவில் அடைத்து, பதிலுக்குத் தானியம் பெறுவது நெடுநாள் வழக்கம். நாம் கிடை போடுவது என்று சொல்வோமே, அதுவேதான். பயிர்ப்பரப்பு மேய்ச்சல் தடங்களை விழுங்க விழுங்க இந்த உறவு பல இடங்களில் பகையாக மாறிவிட்டது. காவ் மரத்தின் நெற்றை மேய்ச்சல்காரர் ஆட்டுக்கு உலுக்கினால் விவசாயி சண்டைக்கு வருகிறார். வயல் மரம் விவசாயிக்குச் சொந்தமாவது நல்லது என்று நான் மேலே எழுதியதில் இந்த உரசலும் அடங்கியிருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. தடங்களுக்கு எல்லைக்கல் நட்டு, இரு தரப்பும் அமர்ந்து ஊர்தோறும் பேசி முடித்த இடங்களில் மட்டுமே அது தணிந்திருக்கிறது.

பெண்களின் நிலையும் அப்படித்தான். ஹவுஸா குடும்பங்களில் பொதுவயலுக்குக் காந்து என்று பெயர். அதற்குப் புறம்பாக மனைவிக்கும் மகனுக்கும் உழுதுகொள்ள விடும் சிறு துண்டுக்குக் காமனா என்று பெயர். அந்தத் துண்டில் விளைவது பெண்ணுக்கு, நிலம் கணவனுக்கு. நிலம் குறுகும்போது முதலில் பிடுங்கப்படுவது காமனாதான். துண்டை இழந்த பெண்கள் ஆடு வளர்ப்பிலும், பெருக்க இலை, முருங்கைக்கீரை விற்பனையிலும் பிழைப்பைத் தேடிக்கொள்கிறார்கள். இந்தியாவிலிருந்து போன முருங்கை அங்கே ஸோகலே என்று பெயர் பெற்று, வேகவைத்துக் கடலைப் பிண்ணாக்குத் தூளோடு பிசைந்து தின்னும் அன்றாட உணவாகிவிட்டது. கிணற்றடியில் பத்துப் பாத்தி முருங்கை வைத்த பெண்ணுக்குக் கோடை முழுவதும் கைச்செலவுக்குக் காசு வருகிறது. ஆனால் அந்தக் கிணற்றடி நிலம் அவள் பெயரில் இருப்பது அரிது.

சொந்தம் என்பது எழுத்தில் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்குச் சவாடோகோவின் காடே சாட்சி. அவர் ஊருக்கு அருகே உள்ள வஹிகூயா நகரம் விரிவடைந்தபோது, அவர் வளர்த்த காட்டையும் சேர்த்து அரசு மனைகளாக அளந்தது. 30 ஆண்டு உழைத்தவர் கையில் பத்திரம் இல்லை. தம் மரங்களுக்கு நடுவே எல்லைக்கல் ஊன்றப்படுவதை அவர் தம் கண்ணாலேயே பார்க்க நேர்ந்தது. அண்மை ஆண்டுகளில் ஆயுதக் குழுக்களின் தாக்குதலால் புர்க்கினா ஃபாசோவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு வெளியேறியிருக்கிறார்கள். யாடெங்கா பகுதியும் அதில் தப்பவில்லை, குழி தோண்டிச் சீராக்கிய வயல்கள் பல ஆளில்லாமல் கிடக்கின்றன. நைஜரில் 2004ஆம் ஆண்டு வனச் சட்டம் திருத்தப்பட்டது. 2020இல், விவசாயி தன் வயலில் காத்து வளர்த்த மரத்தின் பயன் அவருக்கே உரியது என்பதை ஏற்றுத் தனி ஆணை வந்தது. 1983இல் மராடி விவசாயிகள் செய்யத் தொடங்கியதைச் சட்டம் ஒப்புக்கொள்ள 37 ஆண்டுகள் ஆயின. காமனாத் துண்டில் துளிர்க்கும் மரம் அதை வளர்த்த மனைவிக்கா, நிலத்துக்குரிய கணவனுக்கா என்ற கேள்வி இன்னும் ஊருக்கு ஊர் வேறுவேறு விதமாகத்தான் தீர்க்கப்படுகிறது.